டபுள் கிளிக் செய்தால் என்ன நடக்கிறது?



"ஃபைலை ஓப்பன் பண்ணுங்க" என்று லேபில் சார் சொன்னதும் நாம் எல்லோரும் செய்வது ஒன்றுதான். மவுஸைக் கொண்டுபோய் இரண்டு தட்டு தட்டுவோம். கடிதம் என்றால் வேர்டில் திறக்கும், பாட்டு என்றால் பிளேயரில் பாடும், போட்டோ என்றால் போட்டோவாகத் தெரியும். எந்த ஃபைலை எந்தப் புரோகிராமில் திறக்க வேண்டும் என்று நாம் சொல்லவே இல்லையே, கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிந்தது? இரண்டரை வருடமாக டபுள் கிளிக் செய்துகொண்டிருக்கும் நானும் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. போன வருடம் ஒரு அடி பட்ட பிறகுதான் கேட்டேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஸ்காலர்ஷிப்புக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. வருமானச் சான்றிதழை பி.டி.எஃப். ஆகக் கேட்டார்கள். என்னிடம் இருந்ததோ செல்போனில் எடுத்த போட்டோ. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ஃபைல் பெயரின் கடைசியில் இருந்த ஜே.பி.ஜி. என்பதை அழித்துவிட்டு பி.டி.எஃப். என்று அடித்தேன். 'இப்படி மாற்றினால் ஃபைல் பயன்படாமல் போகலாம்' என்று விண்டோஸ் ஒரு எச்சரிக்கை காட்டியது. அதையெல்லாம் யார் படிக்கிறோம்? சரி என்று தட்டினேன். உடனே ஐகான் பி.டி.எஃப். ஐகானாக மாறிவிட்டது! வேலை முடிந்தது என்று அப்லோட் செய்துவிட்டு, போனில் இடம் இல்லை என்று போட்டோவையும் அழித்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, "இணைத்த ஆவணம் திறக்கவில்லை" என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. கடைசித் தேதிக்கு இரண்டே நாள். பென் டிரைவில் இருந்த ஃபைலைத் தட்டிப் பார்த்தேன், திறக்கவில்லை. ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்று முடிவு செய்து ஊருக்குப் போன் போட்டேன். அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, முதல் பஸ் பிடித்து அசல் சான்றிதழைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஸ்கேன் எடுத்து அனுப்பியாகிவிட்டது. திரும்பப் போகும்போது பஸ் ஸ்டாண்டில் வைத்து அம்மா கேட்டார்கள்: "ஏம்ப்பா, பேரை மாத்திட்டா ஆளு மாறிடுமா?"

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். கம்ப்யூட்டரையே தொடாத அம்மா கேட்ட கேள்விக்கு, கம்ப்யூட்டர் டிப்ளமோ படிக்கிற எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்காகத் தேடிப் படித்ததைத்தான் இங்கே உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

எல்லாமே எண்கள்தான்

டிஸ்கில் இருக்கும் எந்த ஃபைலும் பைட்டுகளின் வரிசைதான். ஒவ்வொரு பைட்டும் 0 முதல் 255 வரை உள்ள ஒரு எண். கடிதமும் எண், போட்டோவும் எண், பாட்டும் எண். ஆகவே நாம் டபுள் கிளிக் செய்யும் அந்த நொடியில் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிய வேண்டும்.

ஒன்று, இது என்ன வகை ஃபைல்?
இரண்டு, இந்த வகையைத் திறக்கும் புரோகிராம் எது?
மூன்று, அந்தப் புரோகிராமிடம் இந்த ஃபைலை எப்படி ஒப்படைப்பது?

இரண்டாவது கேள்விக்குப் பதிலாக நிற்கும் புரோகிராமைத்தான் 'டீஃபால்ட்' என்கிறார்கள். வேறு எதையும் நாம் குறிப்பிட்டுச் சொல்லாத வரை இதுதான் வரும் என்று அர்த்தம். முதல் கேள்விதான் கஷ்டமானது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் அதற்குப் பதில் தேடிய விதம் வேறு வேறு.

பெயருக்கு ஒரு வால்

ஃபைல் பெயரில் புள்ளிக்குப் பிறகு வரும் எழுத்துக்களை எக்ஸ்டென்ஷன் என்கிறோம். நான் 'வால்' என்றே சொல்கிறேன், புரிந்துகொள்ள எளிது. 1974ல் கேரி கில்டால் எழுதிய சி.பி./எம். என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தில் பெயருக்கு 8 எழுத்து, வாலுக்கு 3 எழுத்து என்று வழக்கம் இருந்தது. 1981ல் வந்த எம்.எஸ்.டாஸ் அதையே எடுத்துக்கொண்டது.

ஆனால் டாஸில் டபுள் கிளிக் கிடையாது. புரோகிராமின் பெயரை முதலில் அடித்து, பிறகு ஃபைலின் பெயரை அடிக்க வேண்டும். எதில் திறப்பது என்பதை மனிதன்தான் ஒவ்வொரு தடவையும் சொன்னான். இன்ன வாலுக்கு இன்ன புரோகிராம் என்று முடிச்சுப் போடும் வசதி, 1992ல் வந்த விண்டோஸ் 3.1ன் ஃபைல் மேனேஜரில் இருந்தது. 1995ல் வந்த விண்டோஸ் 95 நீளமான பெயர்களை அனுமதித்தது. ஆனால் வாலைப் பார்த்துத் தீர்மானிக்கும் பழக்கத்தை விடவில்லை. இன்றைய விண்டோஸ் 11 வரை அதே கதைதான்.

இதை நம் ஊர் பஸ்ஸோடு ஒப்பிடலாம். போர்டைப் பார்த்துத்தானே ஏறுகிறோம்? டிரைவரிடம் போய், "அண்ணே, நிஜமாவே அங்கதான் போறீங்களா?" என்று யாரும் கேட்பதில்லை. விண்டோஸும் அப்படித்தான். வால் என்ற போர்டைப் படிக்கும். உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்காது.

விண்டோஸின் பதிவேடு

போர்டைப் படித்தபின் என்ன செய்கிறது? விண்டோஸிடம் ரெஜிஸ்ட்ரி என்று ஒரு பெரிய பதிவேடு இருக்கிறது. அதில் எச்-கீ கிளாஸஸ் ரூட் என்ற பகுதியில் ஒவ்வொரு வாலுக்கும் ஒரு பதிவு உண்டு.

டி.எக்ஸ்.டி. என்ற வாலை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பழைய விண்டோஸ்களில் அந்தப் பதிவைத் திறந்தால் 'டெக்ஸ்ட் ஃபைல்' என்று ஒரு வகைப் பெயர் இருக்கும். பிறகு அந்த வகைப் பெயரைத் தேடிப் போனால், 'ஓப்பன்' என்ற தலைப்பின் கீழ் ஒரு கட்டளை இருக்கும்: நோட்பேடின் முழு முகவரி, அதன் பக்கத்தில் %1 என்ற குறி. நாம் தட்டிய ஃபைலின் முகவரியை அந்த %1 இருக்கும் இடத்தில் வைத்து விண்டோஸ் கட்டளையை ஓட்டுகிறது. நோட்பேட் எழுந்து வந்து, தன் கையில் கொடுக்கப்பட்ட முகவரிக்குப் போய் ஃபைலைப் படிக்கிறது. நம் மூன்றாவது கேள்விக்கான பதில் இவ்வளவுதான்.

இங்கே ஒரு சின்ன விஷயம். பல கட்டளைகளில் அந்த %1ஐச் சுற்றி மேற்கோள் குறி போட்டிருப்பார்கள். அது இல்லாவிட்டால், பெயரின் நடுவே இடைவெளி உள்ள 'மார்க் ஷீட்' என்ற ஃபைலை மார்க் ஒன்று, ஷீட் ஒன்று என இரண்டு ஃபைலாக எண்ணி அந்தப் புரோகிராம் தடுமாறலாம். இரண்டு சின்னக் கோடுகளுக்கு அவ்வளவு வேலை!

வகைப் பெயர் என்று நடுவில் ஒன்று எதற்கு என்று எனக்கும் சந்தேகம் வந்தது. ஜே.பி.ஜி., ஜே.பி.இ.ஜி. என்று இரண்டு வால் இருந்தாலும் வகை ஒன்றுதானே? இரண்டு வாலும் ஒரே வகைப் பெயரைக் காட்டினால் போதும், கட்டளையை ஒரே இடத்தில் எழுதிக்கொள்ளலாம்.

கம்ப்யூட்டர் முழுமைக்கும் பொதுவான பதிவு ஒரு பக்கம் இருக்க, ஒவ்வொரு பயனருக்கும் தனி விருப்பம் என்று வேறொரு பதிவும் உண்டு. தனி விருப்பத்துக்குத்தான் முதல் மரியாதை. ஆகவே ஒரே மெஷினில் உங்கள் லாகினில் ஒரு புரோகிராமிலும், என் லாகினில் வேறு புரோகிராமிலும் அதே ஃபைல் திறக்கலாம். மெஷின் கெட்டுவிட்டது என்று லேப் அசிஸ்டென்டைக் கூப்பிட வேண்டாம்!

மேக் போன வழி

1984ல் வந்த ஆப்பிள் மெக்கின்டோஷ் வாலை நம்பவே இல்லை. ஒவ்வொரு ஃபைலுக்கும் நான்கு எழுத்தில் ஒரு வகைக் குறியும், நான்கு எழுத்தில் 'இதை உருவாக்கிய புரோகிராம்' என்ற குறியும் பெயருக்கு வெளியே தனியாக எழுதி வைத்தது. இதனால் ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு ஃபைல்களில் ஒவ்வொன்றும் தன்னை உருவாக்கிய புரோகிராமிலேயே திறந்தது. பெயரை எப்படி மாற்றினாலும் குறி மாறாது. அம்மாவின் கேள்விக்கு அன்றைய மேக் சரியான பதில் வைத்திருந்தது என்று சொல்லலாம்.

ஆனால் அந்தக் குறிகள் ஃபைலின் பைட்டுகளுக்கு உள்ளே இல்லை. வேறு வகைக் கம்ப்யூட்டருக்கோ, இன்டர்நெட் வழியாகவோ அனுப்பும்போது அவை வழியிலேயே உதிர்ந்துபோகும். பெயரும் வாலும்தான் போய்ச் சேரும். 2001ல் வந்த மேக் ஓ.எஸ். எக்ஸ், வால்களையும் ஏற்றுக்கொண்டது. 2009ல் வந்த 10.6 பதிப்பு, உருவாக்கியவர் குறியைப் பார்த்துத் திறப்பதையே நிறுத்திவிட்டது. இன்றைய மேக்கில் ஒவ்வொரு புரோகிராமும் 'இன்னின்ன வகைகளை நான் திறப்பேன்' என்று தன்னுடனேயே ஒரு பட்டியல் கொண்டுவருகிறது. லான்ச் சர்வீசஸ் என்ற பகுதி அவற்றைத் திரட்டி வைத்துக்கொண்டு ஆளைத் தேர்ந்தெடுக்கிறது.

லினக்ஸ் போன வழி

யூனிக்ஸ் குடும்பத்தில் 'ஃபைல்' என்றே பெயர் கொண்ட ஒரு கட்டளை 1970களில் இருந்து இருக்கிறது. ஒரு ஃபைலின் பெயரை அதனிடம் கொடுத்தால், வாலைப் பார்க்காமல், உள்ளே இருக்கும் பைட்டுகளைப் பார்த்து 'இது இன்ன வகை' என்று சொல்லிவிடும். பஸ் போர்டைப் பார்க்காமல் டிரைவரையே கேட்பதற்குச் சமம் இது.

லினக்ஸ் டெஸ்க்டாப்கள் வகையை 'மைம்' முறையில் குறிக்கின்றன. 1992ல் இ-மெயிலுக்காக நதானியல் போரென்ஸ்டீன், நெட் ஃப்ரீட் இருவரும் வகுத்த முறை இது. இமேஜ், சாய்வுகோடு, ஜெபெக் என்பது மாதிரி இரண்டு பகுதியாக எழுதுவார்கள். டெஸ்க்டாப் முதலில் வாலைப் பார்க்கும். வாலே இல்லை அல்லது அது குழப்புகிறது என்றால் உள்ளே எட்டிப் பார்க்கும். வகை தெரிந்ததும், நம் விருப்பம் எழுதியிருக்கும் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலைப் பார்த்து உரிய புரோகிராமைக் கூப்பிடும். சாதாரண எடிட்டரிலேயே அதைத் திறந்து படிக்கலாம். ரெஜிஸ்ட்ரி மாதிரி பயமுறுத்தாது.

உள்ளே இருக்கும் அடையாளம்

உள்ளே எட்டிப் பார்த்தால் என்ன தெரியும்? பல ஃபைல் வகைகள் தங்கள் முதல் சில பைட்டுகளில் ஒரு முத்திரை வைத்திருக்கின்றன. இதை 'மேஜிக் நம்பர்' என்கிறார்கள்.

ஜே.பி.ஜி. படம் 255, 216, 255 என்ற எண்களில் தொடங்கும். பி.என்.ஜி. படம் 137, 80, 78, 71 என்று தொடங்கும். அதில் கடைசி மூன்றும் பி, என், ஜி எழுத்துக்களின் ஆஸ்கி எண்கள். பி.டி.எஃப். ஃபைல் ஒரு சதவீதக் குறியும் பி, டி, எஃப் எழுத்துக்களும் கொண்டு தொடங்கும்: 37, 80, 68, 70. ஜிப் ஃபைல் 80, 75, அதாவது பி, கே என்று தொடங்கும். ஜிப் முறையைக் கொடுத்த ஃபில் காட்ஸ் என்பவரின் முதலெழுத்துக்கள் அவை. விண்டோஸின் இ.எக்ஸ்.இ. புரோகிராம்கள் 77, 90, அதாவது எம், இசட் என்று தொடங்கும். மைக்ரோசாஃப்டில் வேலை செய்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் முதலெழுத்துக்கள்!

இப்போது என் சான்றிதழ் கதைக்கு வருகிறேன். நான் மாற்றியது பெயரை மட்டும். ஃபைலுக்குள் ஒரு பைட் கூட மாறவில்லை. முதல் எண்கள் அப்போதும் 255, 216, 255 தான். விண்டோஸ் போர்டைப் பார்த்து பி.டி.எஃப். புரோகிராமிடம் அனுப்பியது. அது உள்ளே 37, 80, 68, 70 என்ற முத்திரையைத் தேடியது, கிடைக்கவில்லை. 'ஃபைல் கெட்டுவிட்டது' என்று சொல்லிவிட்டது.

உண்மையில் ஃபைல் கெடவே இல்லை, நண்பர்களே! பென் டிரைவில் என் போட்டோ முழுசாக இருந்தது. பெயரைத் திரும்ப ஜே.பி.ஜி. என்று மாற்றித் தட்டியிருந்தால் படம் வந்திருக்கும். அதை முறையாக பி.டி.எஃப். ஆக்கி அனுப்பியிருக்கலாம். அம்மாவின் ஒரு நாள் கூலி மிஞ்சியிருக்கும். இது தெரிந்த அன்று எனக்கு இருந்த வருத்தத்தைச் சொல்லி மாளாது. உங்களில் ஒருவருக்காவது அந்த நிலை வரக்கூடாது என்றுதான் மலருக்கு இந்தக் கட்டுரையைக் கொடுத்தேன்.

பெயர் மாற்றுவது வேறு, வகை மாற்றுவது வேறு. வகை மாற்ற வேண்டுமானால் ஒரு புரோகிராம் பழைய ஃபைலைப் படித்து, புதிய முறைப்படி முழுவதையும் மறுபடி எழுத வேண்டும். விண்டோஸ் 10, 11ல் போட்டோவைத் திறந்து பிரிண்ட் கொடுத்து, பிரிண்டர் பட்டியலில் 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பி.டி.எஃப்.' என்பதைத் தேர்ந்தெடுத்தால் அசல் பி.டி.எஃப். கிடைக்கும். பைசா செலவில்லை.

போர்டு பொய் சொன்னால்

போர்டைத் தெரியாமல் மாற்றிய எனக்கு ஒரு நாள்தான் நஷ்டம். வேண்டுமென்றே மாற்றி வைப்பவர்களும் இருக்கிறார்கள். 2000ம் வருடம் மே 4ம் தேதி, பிலிப்பைன்ஸில் இருந்து 'ஐ லவ் யூ' என்ற தலைப்பில் ஒரு இ-மெயில் கிளம்பியது. கூடவே ஒரு ஃபைல். பெயர் 'லவ் லெட்டர் ஃபார் யூ', வால் டி.எக்ஸ்.டி., அதற்குப் பின்னால் இன்னொரு வால் வி.பி.எஸ்.! தெரிந்த வால்களை மறைத்துக் காட்டுவது விண்டோஸின் டீஃபால்ட் பழக்கம். ஆகவே வி.பி.எஸ். மறைந்து, பார்ப்பவர்களுக்கு டி.எக்ஸ்.டி. மட்டும் தெரிந்தது. சாதாரணக் கடிதம் என்று தட்டினார்கள்.

வி.பி.எஸ். வாலுக்கு உரிய டீஃபால்ட், விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட் என்ற புரோகிராம். அதற்கு 'திற' என்றால் படித்துக் காட்டுவது அல்ல, ஓட்டுவது. ஓடிய ஸ்கிரிப்ட் கம்ப்யூட்டரில் இருந்த ஜே.பி.ஜி. படங்கள் முதலான ஃபைல்களின் மேல் தன்னையே எழுதியது. அவுட்லுக்கின் முகவரிப் புத்தகத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் தன் நகலை அனுப்பியது. ஓரிரு நாளில் உலகம் முழுவதும் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களுக்குப் பரவியது. பிரிட்டிஷ் பாராளுமன்றமே தன் இ-மெயிலை நிறுத்திவைக்க வேண்டி வந்தது.

இதற்கு ஒரு எளிய மாற்று மருந்தும் உண்டு. வி.பி.எஸ்., ஜே.எஸ். போன்ற வால்களின் டீஃபால்ட்டை நோட்பேடுக்கு மாற்றிவிட்டால், தெரியாமல் தட்டினாலும் ஸ்கிரிப்ட் ஓடாது, எழுத்தாகத்தான் தெரியும். டீஃபால்ட் என்பது வசதி மட்டும் அல்ல, வாசல் காவலும் கூட. இந்தப் பாடம் பழையது என்று நினைக்க வேண்டாம். 2024ல் வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏ.பி.கே. ஃபைல் அனுப்பிப் போனையே கைப்பற்றும் மோசடி பற்றி நம் நாட்டில் போலீசார் எச்சரித்தார்கள். பத்திரிகைக்கு எதற்கு ஏ.பி.கே. வால்? வால் பார்க்கத் தெரிந்தவன் கேட்கும் கேள்வி அது.

டீஃபால்ட் யார் கையில்?

நாம் மாற்றாத வரை டீஃபால்ட்தான் ஆட்சி செய்யும். நம்மில் எத்தனை பேர் மாற்றுகிறோம்? ஆகவே அந்த இடத்துக்குக் கம்பெனிகளுக்குள் பலத்த போட்டி. முன்பெல்லாம் எந்தப் புரோகிராமை இன்ஸ்டால் செய்தாலும், அது நம்மைக் கேட்காமலே பல வால்களைத் தன் பெயருக்குப் பட்டா போட்டுக்கொள்ளும். 2012ல் வந்த விண்டோஸ் 8 முதல், பயனரின் தேர்வோடு ஒரு சரிபார்ப்புக் குறியும் சேர்த்து எழுதப்படுகிறது. வேறு புரோகிராம் உள்ளே புகுந்து பதிவைத் திருத்தினால் குறி பொருந்தாது, விண்டோஸ் அதை ஏற்காது.

நல்லதுதானே என்கிறீர்களா? மறுபக்கமும் உண்டு. 2015ல் விண்டோஸ் 10க்கு மாறியவர்கள் 'எக்ஸ்பிரஸ்' முறையில் தட்டிக்கொண்டே போனால், டீஃபால்ட் பிரவுசர் மைக்ரோசாஃப்டின் எட்ஜாக மாறியது. ஃபயர்ஃபாக்ஸை வெளியிடும் மொசில்லாவின் தலைவர் கிறிஸ் பியர்ட், பயனரின் விருப்பத்தை மதியுங்கள் என்று சத்யா நாதெல்லாவுக்குப் பகிரங்கக் கடிதமே எழுதினார். கடைசியில் நம் விருப்பத்துக்குக் காவல் நாம்தான்.

நண்பர்கள் செய்ய வேண்டியவை

1. விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' மெனுவில் ஃபைல் எக்ஸ்டென்ஷன் தெரியும்படி இன்றே மாற்றுங்கள். வால் தெரியாமல் ஃபைலைத் தட்டுவது, போர்டு இல்லாத பஸ்ஸில் ஏறுவது.

2. ஒரு தடவை மட்டும் வேறு புரோகிராமில் திறக்க, ரைட் கிளிக் செய்து 'ஓப்பன் வித்' கொடுங்கள். நிரந்தரமாக மாற்ற, அதிலேயே 'ஆல்வேஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மேக்கில் 'கெட் இன்ஃபோ' போய் 'சேஞ்ச் ஆல்' கொடுக்க வேண்டும்.

3. ஃபைல் திறக்கவில்லை என்றால் உடனே அழித்துவிடாதீர்கள். வால் சரியா என்று பாருங்கள். லினக்ஸ் இருந்தால் 'ஃபைல்' கட்டளையைக் கேளுங்கள்.

4. எங்கேயும் அப்லோட் செய்வதற்கு முன், அதே ஃபைலை ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள். அரை நிமிட வேலை. நான் அதைச் செய்யவில்லை.

5. லேபில் ஒரு சோதனை. டி.ஓ.சி.எக்ஸ். வால் கொண்ட வேர்டு ஃபைல் ஒன்றை நகல் எடுத்து, நகலின் வாலை ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே ஃபோல்டர்கள் இருக்கும்! ஆபீஸ் 2007 முதல் வேர்டு ஃபைல் என்பதே உள்ளுக்குள் ஒரு ஜிப் ஃபைல்தான். இங்கே மட்டும் பெயரை மாற்றினால் எப்படித் திறக்கிறது என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். முதல் இரண்டு பைட்டும் 80, 75!

போன பொங்கல் லீவில் ஊருக்குப் போனபோது அம்மாவிடம் பதில் சொன்னேன். "இல்லம்மா, பேரை மாத்துனா ஆளு மாற மாட்டான். ஆனா கம்ப்யூட்டர் பேரைக் கேட்டுட்டு நம்பிடும். நாமதான் ஆளைப் பார்க்கணும்" என்றேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, "இதைத்தானே நானும் சொன்னேன்" என்றார்கள்.



- இறுதியாண்டு மாணவன், கம்ப்யூட்டர் பிரிவு